பொல்லாத பொண்ணும் ஒரு கட்டுரைப் போட்டியும்

பள்ளியில் நான் வாங்கிய கட்டுரைப் போட்டிப் பரிசுகள் எல்லாமே மனப்பாடத்துக்குக் கிடைத்தவை. முன்னுரை, நடுவில் நாலு உட்தலைப்பு, முடிவுரை. தலைவர் பெயரை மட்டும் மாற்றினால் அதே கட்டுரை அடுத்த வருஷமும் ஓடும். எங்கள் ஊரில் வயசான ஆட்கள் இருந்தார்கள், தாலுகா ஆபீஸில் பழைய கட்டுகள் இருந்தன. அங்கே போய்க் கேள் என்று எந்தப் போட்டியும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பேனா என்பது வேறு கதை.

மிஷாயேல் வெர்ஹோவன் இயக்கி 1990இல் வந்த ஜெர்மன் படம் ஒன்று, போகச் சொன்ன ஒரு போட்டியைப் பற்றியது. ஆங்கிலத்தில் ‘தி நாஸ்டி கேர்ல்’. தமிழில் ‘பொல்லாத பொண்ணு’ என்று வைத்துக்கொள்ளலாம். நம் பாட்டிகள் அதைச் சொல்லும்போது கொஞ்சம் செல்லமும் கலந்திருக்கும். படத்தில் வரும் ஊர்க்காரர்கள் வாயில் அந்தச் செல்லம் கிடையாது.

சோன்யா கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் படிக்கிறாள். நல்ல மாணவி, எல்லாருக்கும் பிடித்த பெண். ஐரோப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பாரிஸ் போய் வருகிறாள். ஊரே கொண்டாடுகிறது. அடுத்த போட்டிக்கு அவள் எடுக்கும் தலைப்பு, நாஜி ஆட்சியில் என் சொந்த ஊர். இந்த இடத்தைத்தான் பலரும் தவறாக நினைவு வைத்திருக்கிறார்கள். அவள் கலகக்காரியாகக் கிளம்பவில்லை. நம்ம ஊர் ஹிட்லரை எதிர்த்து நின்ற ஊர், நம்ம திருச்சபை எதிர்த்து நின்ற திருச்சபை, அதை எழுதிப் பெருமை சேர்ப்போம் என்றுதான் கிளம்புகிறாள். ஊர்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

பிறகு கதவுகள் சாத்தப்படுகின்றன. கோப்பு வெளியே போயிருக்கிறது, கோப்பைக் காணோம், இன்னொரு நாள் வா. கட்டுரை கெடு தேதிக்குள் முடிவதில்லை. அவள் கல்யாணம் செய்துகொள்கிறாள், பிள்ளை பெறுகிறாள், அதற்கப்புறமும் விடாமல் நகராட்சிமேல் வழக்குப் போடுகிறாள். ஊரில் மிகவும் மதிக்கப்படும் பெரிய மனிதர் ஒருவர் அந்தக் காலத்தில் ஒரு யூதரைக் காட்டிக்கொடுத்தவர் என்று கண்டுபிடிக்கிறாள். ஃபோனில் மிரட்டல், வீட்டுக்குள் குண்டு.

இந்தப் போட்டி நிஜமானது. மேற்கு ஜெர்மனியின் குடியரசுத் தலைவராக இருந்த குஸ்டாஃப் ஹைனமனும் ஹாம்பர்க் தொழிலதிபர் குர்ட் கெர்பரும் 1973இல் தொடங்கியது. ஜெர்மானியர்களின் சுதந்திரப் போராட்ட மரபை இளைஞர்கள் தேடிக் கண்டெடுக்கவேண்டும் என்பது ஹைனமனின் ஆசை. முதல் தலைப்புகூட 1848-49 புரட்சிதான். கிட்டத்தட்ட சோன்யாவின் ஆசையேதான் அது, பாருங்கள். ஆனால் போட்டிக்கு ஒரு விதி இருந்தது. உன் ஊரை, உன் குடும்பத்தை எடுத்துக்கொள். ஆவணக் காப்பகத்துக்குப் போ, வயதானவர்களிடம் பேசு. 1980இல் தலைப்பு ‘தேசிய சோஷலிசத்தில் அன்றாட வாழ்க்கை’ என்று வந்தபோது, பெருமை தேட வைத்திருந்த அந்த விதி வேறு வேலை பார்க்கத் தொடங்கிவிட்டது. நாஜிகள் செய்த கொடுமை என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் வலிக்காது. இந்தத் தெருவில் இந்தக் கடை யாருடையது, அது எப்படிக் கைமாறியது என்று கேட்டால் அந்தக் கடையில் இப்போது உட்கார்ந்திருப்பவருக்கு வலிக்கும்.

சோன்யாவுக்குப் பின்னால் இருப்பவர் அன்னா ரோஸ்மஸ். 1960இல் பிறந்தவர், டான்யூப், இன், இல்ஸ் என மூன்று ஆறுகள் கூடும் பாஸௌ ஊர்க்காரர். ஹிட்லரின் குடும்பம் 1892 முதல் 1894 வரை குடியிருந்த ஊர் அது. கட்டுரைக்கென்று தொடங்கிய தேடல் 1983இல் புத்தகமானது, அடுத்த ஆண்டு ஷோல் சகோதர சகோதரி பெயரிலான பரிசு அதற்குக் கிடைத்தது. 1994இல் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்.

வெர்ஹோவன் இதை அழுகைக் கதையாக எடுக்கவில்லை. ஆரம்பக் காட்சிகள் கறுப்பு வெள்ளை, பிறகு வண்ணம். பாத்திரங்கள் கேமராவைப் பார்த்துப் பேட்டி கொடுக்கிறார்கள். அலுவலகங்கள் நாடக மேடைபோல, பின்னால் வெறும் படத்திரை. எனக்குப் பிடித்தது ஒரு காட்சி. குடும்பம் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க, மிரட்டல் அழைப்புகள் வந்துகொண்டே இருக்க, அந்த அறையே ஊர்த் தெருக்களில் நகர்ந்து போகிறது. வீடு வீடாக இல்லாமல் போவதைக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. சோன்யாவாக நடித்த லேனா ஷ்டோல்ட்ஸே, இதே இயக்குநரின் 1982 படத்தில், நாஜிகளால் கொல்லப்பட்ட மாணவி ஸோஃபி ஷோலாக நடித்தவர். தியாகியாக வந்த முகம் எட்டு வருஷம் கழித்து, எதிர்த்தவர் பட்டியலை எடுங்க பார்ப்போம் என்று கேட்கிறது. பெர்லினில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. ஊர்ப் பெரியவர்களை இவ்வளவு கோமாளிகளாகக் காட்டியிருக்க வேண்டாம். அந்த அசட்டு அதிகாரிகளைப் பார்த்துச் சிரிக்கும்போது, நாம அப்படி இல்லப்பா என்று நமக்குச் சுலபமாகத் தோன்றிவிடுகிறது. அதே ஊரில் நல்லவர்களாக இருந்து, பழசைக் கிளறாதே என்று நிஜமான அக்கறையோடு சொல்பவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களை எதிர்கொள்வதுதான் கஷ்டம். படம் அவர்களைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறது.

இதெல்லாம் பழைய ஜெர்மனி என்று ஒதுக்கவும் முடியாது. ரஷ்யாவில் மெமோரியல் அமைப்பு 1999 முதல் பள்ளி மாணவர்களுக்கு இப்படியொரு போட்டி நடத்தியது. பிள்ளைகள் தாத்தா பாட்டியின் முகாம் வாழ்க்கையை, பறிபோன நிலத்தை எழுதினார்கள். 2016 ஏப்ரலில் மாஸ்கோவில் பரிசு வாங்க வந்தவர்கள்மேல் வாசலில் முட்டை வீசினார்கள். எழுத்தாளர் லுத்மிலா உலித்ஸ்கயாவின் முகத்தில் பச்சை மருந்துச் சாயத்தை ஊற்றினார்கள். 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மெமோரியலையே கலைக்க உத்தரவிட்டது. பள்ளிக்கூடக் கட்டுரைதானே என்று அவர்கள் யாரும் நினைக்கவில்லை.

படத்தின் முடிவில் ஊர் தோற்று, புத்திசாலித்தனமாக வேறு வழிக்கு வருகிறது. சோன்யாவுக்கு மார்பளவுச் சிலை செய்து, விழா எடுத்து, கைதட்டுகிறது. மறுபடியும் பரிசு, மறுபடியும் நல்ல பெண். அவளுக்கு அங்கேதான் பயம் வருகிறது. வாயை அடைக்கத்தானே இது என்று கத்திவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, சின்ன வயதில் வேண்டுதல் வைத்த மரத்தில் ஏறிக்கொள்கிறாள். மேலே உட்கார்ந்தபடி கீழே யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறாள்.