ஜூனியர் கல்லூரிக் கூடைப்பந்து: அழைப்புக் கடிதம் சொல்லாதவை

2007இல் டெக்சாஸின் டோம்பால் ஊரில் பள்ளிப் படிப்பை முடித்த ஜிம்மி பட்லரைப் பெரிய பல்கலைக்கழகம் எதுவும் கண்டுகொள்ளவில்லை. டைலர் ஜூனியர் கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு ஆடினார். அதன் பிறகுதான் மார்க்கெட் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. சம்மதக் கடிதத்தை உள்ளூர் மெக்டொனால்ட்ஸ் கடையிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பினார். 2011 என்பிஏ தேர்வில் சிகாகோ புல்ஸ் அவரை முதல் சுற்றின் கடைசி ஆளாக எடுத்தது.

பட்லருக்கு இரண்டாண்டு கழித்து அதே மார்க்கெட்டுக்கு வந்த ஜே கிரவுடரின் கதை இந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அவரை முதலில் சேர்த்துக்கொண்டது ஜார்ஜியாவிலுள்ள ஒரு தொழில்நுட்பக் கல்லூரி. ஆட்டம் நன்றாகவே போனது. ஆனால் அங்கே படித்த பாடங்களை வைத்து மேல்மட்டப் பல்கலைக்கழகம் எதிலும் நுழைய முடியாது என்பது சேர்ந்த பிறகே தெரியவந்தது. டெக்சாஸின் ஹோவர்டு கல்லூரிக்கு மாறி, விட்டுப்போன பாடங்களையும் சேர்த்துப் படித்து, 2010இல் அந்த அணி தேசியப் பட்டம் வெல்லத் துணைநின்ற பிறகே மார்க்கெட் போனார். கிரவுடரின் திறமைக்கு இன்னொரு கல்லூரி உடனே கிடைத்தது. பக்கத்தில் ஆடிய சராசரி ஆட்டக்காரனுக்கு அது கிடைத்திருக்குமா?

அமெரிக்க ஜூனியர் கல்லூரிகளின் ஆள்சேர்ப்பை எடைபோட இந்த இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இந்த முறை ஆட்டத்தை நேர்மையாகவே மதிப்பிடுகிறது. படிப்பைப் பற்றித்தான் அது வாய் திறப்பதில்லை.

இவை இரண்டாண்டுக் கல்லூரிகள். 1938இல் தொடங்கிய தேசிய ஜூனியர் கல்லூரி விளையாட்டுச் சங்கம் இவற்றை மூன்று பிரிவுகளாக வைத்திருக்கிறது. முதல் பிரிவுக் கல்லூரி பயிற்றுக்கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் என முழு உதவித்தொகையே தரலாம். கூடைப்பந்து அணிக்கு 15 பேர் வரை. இரண்டாம் பிரிவில் கட்டணமும் புத்தகமும் மட்டும். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென ஒரு காசும் கிடையாது. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் இந்தச் சங்கத்துக்கு வெளியே தனி அமைப்பாக இயங்குகின்றன. அங்கேயும் விளையாட்டு உதவித்தொகை இல்லை. தன் பகுதிக்கு வெளியே உள்ள மாணவரைப் பயிற்சியாளர் முதலில் அணுகவும் கூடாது, மாணவர்தான் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். எனவே 'கல்லூரி கூப்பிட்டிருக்கிறது' என்று ஒரு வீட்டில் மகிழ்ச்சி பொங்கும்போது, கூப்பிட்டது எந்தப் பிரிவு என்பதுதான் முதல் கேள்வி. லாஸ் ஏஞ்சலிஸ் வாடகையைக் கையிலிருந்து கட்டிக்கொண்டு ஆடுவதும், கான்சாஸ் ஊரொன்றில் விடுதிச் சாப்பாட்டோடு ஆடுவதும் ஒன்றல்ல.

இந்த முறையின் பலத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பதினேழு வயதில் உயரம் நின்றுவிடாத பையன், கடைசி ஆண்டில் முழங்கால் அடிபட்டவன், கணிதத்தில் சறுக்கியவன், யாரும் எட்டிப்பார்க்காத சிற்றூரில் ஆடியவன் எல்லாருக்கும் கதவு திறந்திருக்கிறது. தன் அணியில் பந்தைக் கொண்டுசெல்ல ஆள் இல்லையென்றால், அதைச் செய்யத் தெரிந்தவனைத் தரவரிசைப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் பயிற்சியாளர் எடுத்துக்கொள்கிறார். பல்கலைக்கழகங்கள் இடங்களை நிரப்பி முடித்த பிறகும், கோடை வரைக்கும்கூட, இங்கே இடம் இருக்கும். ஒடெஸா கல்லூரியில் ஆடிய லாரி ஜான்சன் 1990இல் நெவாடா-லாஸ் வேகாஸ் அணியோடு தேசியப் பட்டம் வென்று, அடுத்த ஆண்டே என்பிஏ தேர்வில் முதல் ஆளானார். செலவும் குறைவு. உள்ளூர் மாணவருக்குச் சமுதாயக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் சராசரியாக 4,000 டாலர் அளவுதான். ஏழைக் குடும்பத்து மாணவருக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை 2024-25இல் 7,395 டாலர் வரை இருந்தது. கட்டணம் போக மிச்சமே இருக்கும்.

கோளாறு தொடங்குவது அணியின் கணக்கில். இரண்டாண்டுக் கல்லூரி என்பதால் ஒவ்வொரு வசந்தத்திலும் அணியில் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். நன்றாக ஆடுகிறவர்கள் ஓராண்டிலேயே போய்விடுவார்கள். நான்காண்டுப் பல்கலைக்கழகப் பயிற்சியாளருக்கு ஒரு பையனைப் பொறுமையாக வளர்க்க நேரம் உண்டு, ஜூனியர் கல்லூரிப் பயிற்சியாளருக்கு இல்லை. நவம்பரில் ஆட வேண்டிய அணிக்கு ஆகஸ்டுக்குள் ஆள் வேண்டும், வெற்றி அந்தப் பருவத்திலேயே வேண்டும். இந்த அவசரத்தில் வருகிற அழைப்பில் 'உன்னை டிவிஷன் ஒன்றுக்கு', அதாவது முதல் பிரிவுப் பல்கலைக்கழகத்துக்கு, 'அனுப்புவேன்' என்ற வாக்கு தாராளமாக இருக்கும். கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை, பெரும்பாலோர் நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் அதை நிறைவேற்றுவது அவர் கையில் இல்லை.

மாணவர் கையெழுத்திடும் சம்மதக் கடிதம் அவரை அந்தக் கல்வியாண்டு முழுவதும் ஒரே கல்லூரியோடு கட்டிவைக்கிறது. என்னென்ன செலவைக் கல்லூரி ஏற்கும் என்பது எழுத்தில் வந்துவிடும். எந்தப் பாடங்களைப் படிப்பார், அவற்றில் எத்தனையைப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதைப் பற்றி ஒரு வரியும் வராது. அவர் எதிர்காலம் தொங்குவதோ அதில்தான்.

பள்ளியில் தகுதி மதிப்பெண் எடுக்காதவன் முதல் பிரிவுப் பல்கலைக்கழகத்துக்குப் போக இரண்டாண்டுப் பட்டத்தை முடித்திருக்க வேண்டும். மதிப்பெண் சராசரி (GPA) 2.5 இருக்க வேண்டும். ஆங்கிலம், கணிதம், இயற்கை அறிவியல் ஆகியவற்றில் விதிக்கப்பட்ட கிரெடிட்டுகள் இருக்க வேண்டும். உடற்பயிற்சி வகுப்புகளில் இரண்டு கிரெடிட்டுக்கு மேல் கணக்கில் வராது. பள்ளிக் குறையைச் சரிசெய்யும் அடிப்படை வகுப்புகளும் கைகொடுக்காது. இப்போது அந்தப் பையனின் முதல் பருவ அட்டவணையைப் பாருங்கள்: அணிப் பயிற்சிக்கு ஒரு கிரெடிட், எடைப்பயிற்சிக்கு இன்னொன்று, ஓர் அடிப்படைக் கணிதம், ஓர் அடிப்படை ஆங்கிலம், இதே மாதிரி இன்னும் ஓரிரு வகுப்புகள். முழுநேர மாணவர் என்று காட்டி ஆடத் தேவையான 12 கிரெடிட்டுகள் நிறைந்துவிட்டன. சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவன் தகுதியானவன். மூன்றாம் ஆண்டுக்கு அவன் பெரிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. பயணமும் ஆட்டமுமாக இருக்கிறவன் இதை மே மாதத்தில்தான் உணர்கிறான்.

பல்கலைக்கழகங்களில் இருந்த இடங்களும் சுருங்கிவிட்டன. 2021 முதல், வேறு பல்கலைக்கழகத்துக்கு முதல் முறை மாறும் ஆட்டக்காரர் ஒரு பருவம் காத்திருக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு வயதில் தேறிய ஆட்டக்காரர் ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கும்போது, ஜூனியர் கல்லூரிப் பையன்மேல் ஏன் பந்தயம் கட்ட வேண்டும் என்று பல்கலைக்கழகப் பயிற்சியாளர் நினைப்பது இயல்பு. இன்னொரு பக்கம் நீதிமன்றம் கொஞ்சம் கைகொடுத்திருக்கிறது. ஜூனியர் கல்லூரியில் ஆடிய ஆண்டுகளையும் ஒருவர் ஆடக்கூடிய மொத்த ஆண்டுகளில் கழிப்பதை எதிர்த்து, வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர் டியாகோ பாவியா தொடுத்த வழக்கில் 2024 டிசம்பரில் டென்னசி கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தடையாணை தந்தது. அதையொட்டி, அதே நிலையில் இருந்தவர்களுக்கு 2025-26 பருவத்தில் ஆட விலக்கு கிடைத்தது. நியாயமான தீர்ப்பு. அடிப்படை வகுப்புகளில் இரண்டாண்டு கழித்தவனுக்கு மட்டும் அது எந்த வழியையும் திறக்கவில்லை.

இதற்காக இந்தக் கதவை மூட வேண்டும் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. மூடினால் அடிபடுவது வேறு கதவே இல்லாதவர்கள்தான். மாற வேண்டியது கையெழுத்திடும் அந்தக் கடிதம். கல்லூரி தரும் பணத்துக்குப் பக்கத்திலேயே நான்கு பருவங்களுக்கான பாடத்திட்டமும் இருக்கட்டும். அந்தப் பயிற்சியாளர் கடந்த மூன்று ஆண்டுகளில் சேர்த்தவர்களில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேர் எந்தக் கல்லூரிக்குப் போனார்கள் என்ற எண்ணிக்கையும் இருக்கட்டும். கல்லூரி அலுவலகத்தில் இந்த விவரமெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. சங்கம் விதி செய்யும் வரை பெற்றோரே இதைக் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் கையெழுத்துக்கு முன்னால். பயிற்சியாளருக்கு ஆள் தேவைப்படுகிற அந்தச் சில வாரங்களில்தான் குடும்பத்தின் கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.