புல்மண் வீடு

1886-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக் கஸ்டர் மாவட்டத்தில் சாலமன் பட்சர் எடுத்த படம் ஒன்று. சில்வெஸ்டர் ராடிங் என்ற விவசாயி, வாசலில் மேஜை போட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார். மேஜைமேல் தர்பூசணி. கூரை உயரத்தில் ஒரு மாடு. வீடு மேட்டுச்சரிவை ஒட்டியிருப்பதால் கூரைமேலேயே ஏறிவிட்டதுபோலத் தெரிகிறது.

எனக்கு மாட்டைவிட அந்தச் சுவர் பிடிக்கும். மரம் அரிதான புல்வெளியில் குடியேறியவர்கள் நிலத்தையே உரித்து வீடு கட்டினார்கள். கலப்பையால் ஓரடி அகலப் பட்டைகளாகக் கீறி, மண்வெட்டியால் துண்டு போட்டு, புல் பக்கம் கீழே வரும்படி அடுக்குவார்கள். வேர்ப்பின்னல்தான் சிமென்ட். சுவர் இரண்டடிக்குக் குறையாது. கோடையில் குளுமை, பனிக்காலத்தில் கதகதப்பு. மழை வந்தால்தான் வினை. வெளியே வெறித்த பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். மண்ணும் பூச்சியும், சமயத்தில் பாம்பும் சாப்பாட்டில் விழாமலிருக்கக் கூரைக்கடியில் மஸ்லின் துணி கட்டினார்கள்.

அவர்கள் இங்கே வந்ததே நிலத்துக்காகத்தான். 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கரில் ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தமாகிவிடும் என்றிருந்தது. (அதற்குமுன் அது பானி முதலான பழங்குடிகளின் வேட்டை நிலம். படத்தில் அது தெரியாது.)

பட்சர் படமெடுக்க வந்தால் வீட்டிலுள்ள நல்ல சாமான்களெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். ஹில்டன் வீட்டு அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போனார். கிழக்கே பழைய ஊரிலிருந்த நண்பர்களுக்கு மண்வீடு தெரியக்கூடாதென்று, தன் ஆர்கன் பெட்டியை முற்றத்துக்கு இழுத்துவரச் செய்து, அதன் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டார்.