தேயிலை மலையும் நம் நினைவிலக்கியமும்

மலேசியத் தமிழிலக்கியம் என்றவுடன் அதனைத் தோட்டத்து இலக்கியம் என்று சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வாறு சொல்லும்போது நம் மனக்கண்முன் எழுவது ஒரே தோட்டந்தான். அஃது இரப்பர்த் தோட்டம். விடியுமுன் தலைவிளக்குக் கட்டி நடக்கும் பால்மரத் தொழிலாளி, உளி, மங்கு, வாளி, காண்டாக் கம்பு இவையே நம் கதைகளின் உடைமைகள். தமிழகத்திலிருந்து வந்து கண்டு சென்ற அகிலன் எழுதியதும் 'பால்மரக் காட்டினிலே'தான்; இம்மண்ணிலேயே வேரூன்றிய சீ. முத்துசாமி 2006இல் 'மண்புழுக்கள்' தந்தபோதும் களம் அதுவே. இதனைக் குறையாகக் கூறவில்லை. நம் மக்களிற் பெரும்பாலோர் வாழ்ந்த இடம் அதுவாகலின் இலக்கியமும் அங்கே தழைத்தது இயல்பே. ஆயினும், தேயிலை மலையில் பிறந்து, அம்மலையிலேயே ஆசிரியனாகி, இன்று தலைமையாசிரியனாக இருக்கும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எங்கள் மலைப் பிள்ளைகள் வளர்ந்து தம் இளமை நினைவுகளை எழுதும்போது அவர்களும் இரப்பர்த் தோட்டத்து நினைவுகளையே எழுதுகின்றனர். மரத்தை எடுத்துவிட்டுச் செடியை வைத்துவிடுகின்றனர். மற்றவை அப்படியே இருக்கின்றன.

மழையை எடுத்துக்கொள்வோம். இரப்பர்த் தோட்டத்துக் கதையில் மழை வந்தால் மரம் வெட்ட முடியாது, கூலிக்கு இடர், தாய் வீட்டிலிருப்பாள், அடுப்பில் ஏதேனும் வேகும், தந்தை திண்ணையில் அமர்ந்து வானத்தைப் பார்ப்பார். பிள்ளைக்கு அது கவலையும் மகிழ்ச்சியும் கலந்த நாள். தேயிலை மலையில் மழை வேலையை நிறுத்துவதில்லை. மழைதான் கொழுந்தைத் தளிர்க்கச் செய்கிறது. பிளாஸ்டிக் தாளை உடம்பிற் சுற்றிக்கொண்டு, அட்டை ஏறும் காலோடு, சரிவில் நின்று கொழுந்தெடுத்தே ஆக வேண்டும். ஆனால் எங்கள் மலையைச் சேர்ந்த ஒருவர் எழுதிய நினைவுக் கட்டுரை ஒன்றில், மழை நாளில் அன்னை அருகிருந்து கதை சொன்னதாகப் படித்தேன். அவர் வீட்டில் அப்படி நடந்திருக்கலாம். எங்கள் லயத்தில் நடந்ததில்லை. கதைகளில் வாசித்த மழையையே அவர் தம் நினைவாக எழுதிவிட்டார் என்றே ஐயுறுகிறேன்.

நேரமும் அவ்வாறே. பால்வெட்டு அதிகாலையில் தொடங்கி நண்பகலையொட்டி முடிந்துவிடுவது. தேயிலை மலையிலோ காலைப் பெரட்டுக்குச் சென்ற தாய், மாலையில் நிறுவை முடிந்த பின்னரே திரும்புவாள். ஆகவே பள்ளிவிட்டு வரும் பிள்ளை காண்பது வெறும் வீடு. தம்பி ஆயாக் கொட்டகையிலிருந்து வரவில்லை, கணப்பில் நெருப்பில்லை, மூடுபனி மூன்று மணிக்கே கதவு வரை வந்து நிற்கும். தொழிற்சாலையின் காற்றாடி இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் இளமையின் பெரும்பகுதி இந்தப் பிற்பகற் குளிர்தான். இதனை எழுதியவர் எவரையும் நான் இதுவரை படித்ததில்லை.

வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை நில அளவை செய்தது 1885இல். ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியதோ 1929இல்தான். இரப்பரை நோக்க நாங்கள் பின் வந்தவர்கள்; தொகையிலும் சிறியவர்கள். எனவே எங்களுக்கு முன்னோடி வேண்டுமாயின் கடல் கடந்துதான் தேட வேண்டும். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யும் தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை'யும் அம்மலையகத்தவையே. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' பின்னர் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாகி, 'பரதேசி' என்னும் திரைப்படத்துக்கும் அடிப்படையாயிற்று. இவற்றுள் டேனியலின் நூல் என்னை உலுக்கியது. எனினும் அது மருத்துவர் கண்ட மலை. துன்பத்தின் காரணத்தை அவர் அறிந்த அளவு வேறெவரும் அறியார். புதுமைப்பித்தன் சினத்தோடு எழுதினார். இவர்களெல்லாம் வளர்ந்தவரின் கண்கொண்டு பார்த்தவர்கள். பிள்ளையின் கண் வேறு. பிள்ளைக்கு அநீதி தெரியாது; எந்த வீட்டில் நாற்காலி இருக்கிறது என்பது தெரியும்.

இவ்விடத்தில் ஆங்கில நூலொன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். மான்செஸ்டரை அடுத்த சால்ஃபர்டு, பருத்தி ஆலைகளும் பொறித்தொழிற்கூடங்களும் நிறைந்த தொழில்நகரம். அங்கே 1905இல் பிறந்த ராபர்ட் ராபர்ட்ஸ் என்பார், தாம் வளர்ந்த சேரியைப் பற்றி 1971இல் 'தி கிளாசிக் ஸ்லம்' என்ற நூலை எழுதினார். அவருடைய பெற்றோர் தெருமுனையில் சிறு மளிகைக் கடை வைத்திருந்தவர்கள். கடையைப் பார்த்துக்கொண்டவர் தாய். கடன் கேட்டு வருவோர் யார், யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு ஆகாது என்பதையெல்லாம் சிறுவன் அங்கிருந்தே கண்டான். அதனால் அவர் தம் மக்களை 'ஏழைகள்' என்று ஒரே சொல்லில் அடக்கவில்லை. கைத்தொழில் தெரிந்தவன், தெரியாதவன், அடகுக் கடைக்குத் துணி கொண்டுபோகிறவள், போகாதவள் என்று ஒரே தெருவுக்குள் எத்தனை படிகள் இருந்தன என்பதை எண்ணி வைத்திருக்கிறார். தம் குடும்பம் எந்தப் படியில் நின்றது என்பதையும் மறைக்கவில்லை. அந்நூலின் நேர்மை அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டிலும் கே. எஸ். மணியம், மருத்துவமனைச் சலவைத் தொழிலாளியின் மகனைப் பாத்திரமாக்கி 1981இல் 'தி ரிட்டர்ன்' எழுதினார். அதுவும் ஆங்கிலத்திலேயே அமைந்தது என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் தமிழ் நினைவுக் கட்டுரைகளில் லயத்து மக்கள் அனைவரும் ஒரு தாய் மக்கள். உண்மையில் கிராணி வீடு ஒன்று, மண்டோர் வீடு ஒன்று, லாரி ஓட்டுநர் வீடு ஒன்று, கடைசியில் வெளிக்காட்டு வேலை செய்பவன் வீடு. திருவிழாவில் எந்தக் குடும்பம் எங்கே நிற்கும் என்பதில் சாதியும் இருந்தது. இதை எழுதினால் இனத்துக்கு இழுக்கு என்று கருதுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. என் தந்தையார் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் அடுப்பருகே வேலை செய்தவர். குளிரில் அது கதகதப்பான வேலை. அவர் சட்டையில் வறுபட்ட இலையின் மணம் வீசும். மற்றப் பிள்ளைகளின் தந்தையர்மேல் சேறு நாறும். அந்த மணத்தால் நான் அவர்களைவிட ஒரு படி உயர்ந்தவன் என்று எட்டு வயதில் எண்ணியிருந்தேன். என் தாய் அதே சரிவில், அதே சேற்றில், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார் என்பது அந்த எண்ணத்தைச் சற்றும் தடுக்கவில்லை.

பிறர் எழுத்தைக் குறை கூறும் நான் என் கைப்பழுதையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் கொச்சைச் சொற்களைச் சிவப்பு மையால் அடித்து, அருகே செந்தமிழ்ச் சொல் எழுதக் கற்றுக்கொண்டேன். அதைத் தவறாமற் செய்தேன். 'பெரட்டு' என்று பிள்ளை எழுதினால் அடித்துவிட்டு 'வருகைப் பதிவு' என்றேன். 'கணப்பு', 'ஆயாக் கொட்டகை' எல்லாம் அடிபட்டன. பல ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி 'என் பாட்டி' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதினாள். தேயிலைச் சாறு பட்டுப் பட்டுக் கொழுந்தெடுப்போரின் விரல்கள் கறுத்து வெடிப்பது எங்கள் மலையில் எல்லாரும் அறிந்தது. அவள் எழுதியிருந்தாள்: "பாட்டி விரல் கறுப்பு. அந்தக் கையால் சோறு பிசைந்து ஊட்டினால் எனக்குப் பிடிக்காது. ஆனா பசிக்கும்." நான் மூன்று வாக்கியங்களையும் அடித்துவிட்டு, "பாட்டியின் உழைத்துக் காய்த்த கரங்கள் எனக்கு அன்புடன் அமுதூட்டின" என்று எழுதினேன். அவள் அதை அழகாகப் படியெடுத்து எழுதினாள். ஆண்டிதழில் அச்சாயிற்று. பாராட்டும் கிடைத்தது.

அச்சான வாக்கியத்தை இன்று படிக்கிறேன். அதிற் பாட்டி இல்லை. எந்த மேடையிலும் எந்தக் கிழவியைப் பற்றியும் அதைச் சொல்லலாம். அடிக்கப்பட்ட மூன்று வாக்கியங்களிலோ கறையும், அருவருப்பும், பசியும், அந்தப் பசியை ஆற்றிய கையும் இருந்தன. நம் நினைவிலக்கியம் ஏன் வெறும் கண்ணீராகவோ வெறும் பசுமையாகவோ நின்றுவிட்டது என்று கேட்போருக்கு விடையில் ஒரு பகுதி எங்கள் வகுப்பறைகளில் இருக்கிறது. பிள்ளைகள் எழுதத்தான் செய்தார்கள், நாங்கள் திருத்திவிட்டோம்.

இப்போது காலமும் குறுகிவிட்டது. கையால் கொய்த இடத்தில் கத்தரி வந்தது. பின் இருவர் பிடித்து நகர்த்தும் இயந்திரம் வந்தது. மலையில் இன்று வேலை செய்வோரிற் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். எங்கள் குடும்பங்களிற் பல ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் இறங்கிவிட்டன. பள்ளியில் எஞ்சியுள்ள பிள்ளைகளிடம் தேயிலை மலையைப் பற்றி எழுதச் சொன்னால், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறது என்று தொடங்குகின்றனர். வாகனத்தை நிறுத்திப் படமெடுக்கும் சுற்றுலாப் பயணி பார்ப்பதும் அந்தக் கம்பளத்தைத்தான். அந்த உவமையையும் ஒருகால் நான்தான் கற்பித்தேனோ என்னவோ.

அந்த மாணவி இப்போது கிள்ளானில் இருக்கிறாள். அவளுக்கும் ஒரு மகள் உண்டு. சென்ற ஆண்டு திருவிழாவுக்கு வந்தபோது, "அந்தப் பழைய கட்டுரையை மறுபடியும் எழுதிக் கொடம்மா" என்று கேட்டேன். "உழைத்துக் காய்த்த கரங்கள், அதுதானே சார்?" என்றாள். "இல்லையம்மா, அதற்கு முன்னால் நீ எழுதியது" என்றேன். வெகுநேரம் யோசித்தாள். நினைவில்லை என்றாள். ஆகவேதான் அம்மூன்று வாக்கியங்களையும் அவள் எழுதியவாறே இங்கே பெயர்த்து எழுதியுள்ளேன்.