கொங்கிறீற்றில் ஒரு மரமண்டபம்

சென்ற தவணை விடுமுறையில் மலையக மாணவர் சிலருடன் கொழும்புச் சுதந்திர நினைவு மண்டபத்திற்குச் சென்றிருந்தேன். முதல் நாள் கண்டியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். படியேறியதும் ஒரு மாணவி, “சேர், இது நேற்றுப் பார்த்த மண்டபமல்லவா?” என்று கேட்டாள்.

அவள் கண் பிழைக்கவில்லை. கண்டி அரசரின் மகுல் மடுவ என்னும் கொலுமண்டபத்தைப் பின்பற்றியே இது கட்டப்பட்டது. அங்கே தச்சனின் உளி மரத்தோடு போராடிப் பெற்ற வடிவம், இங்கே கொங்கிறீற்றில் வெறும் அலங்காரமாகிவிட்டது. உருவத்தைப் பெயர்த்தால் உள்ளடக்கமும் கூடவே வந்துவிடும் என நம்புவோர் இலக்கியத்தில் மாத்திரமன்றிக் கட்டடக் கலையிலும் உளர் போலும்! ஆயினும் மண்டபத்திற்குச் சுவரில்லை, கதவில்லை; காற்று வாங்க வருவோரும் காதலரும் எவரையும் கேளாது தூணருகே அமர்கின்றனர். இதனைப் பாராட்டவே வேண்டும்.

எனது முறைப்பாடு வேறு. 1815 மார்ச் 2 இல், கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த உடன்படிக்கை அரங்கேறியது அதே மகுல் மடுவவில்தான். இழந்த இடத்தின் வடிவிலேயே மீட்சியை நினைவுகூர்வதில் ஒரு நியாயம் உண்டு என்பார்கள். அப்படியாயின் அவ்வுடன்படிக்கை சொன்னதையும் நினைவுகூர வேண்டாமா? நாயக்க வம்சத்தவனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை நீக்கியதோடு அது நிற்கவில்லை. ‘மலபார்’ இனத்தாரின் அரசுரிமையை ஒழித்து, அரசனின் ஆண் உறவினர் அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுள் நுழைவதையும் தடைசெய்தது. தமிழரையும் பிற தென்னிந்தியரையும் அக்கால வெள்ளையர் குறித்த சொல் அது.

1948 பெப்ரவரியில், குளொஸ்டர் கோமகன் வந்து கலந்துகொண்ட சுதந்திர விழா நடைபெற்றது இச்சதுக்கத்திலேயே. அவ்வாண்டு முடியுமுன் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. பாராளுமன்றத்தில் இடதுசாரிகள் எதிர்த்தும் பயனில்லை. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள வழிசெய்தது. எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. வெளியே துரத்தும் பழக்கத்தை மாத்திரம் மரத்திலிருந்து கொங்கிறீற்றுக்குச் சேதமின்றிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

மண்டபத்தின் முன்னே முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் சிலை நிற்கிறது. அச்சட்டத்தைக் கொண்டுவந்தது அவரது அரசாங்கமே. சிலையடியில் நின்று மாணவர்க்கு இவற்றைக் கூறினேன். முன்னர் கேள்வி கேட்டவள், தன் பாட்டியின் பிரசாவுரிமைச் சான்றிதழ் வீட்டுத் தகரப் பெட்டியில் இன்னும் பத்திரமாக இருப்பதாகச் சொன்னாள். பின்னர் எல்லோரும் மண்டபப் படிகளில் அமர்ந்து சோற்றுப் பொதிகளை அவிழ்த்தோம்.