'நான்' என்றால் தன்மை: அவ்வளவுதானா?

சிறுகதை வகுப்பில் நோக்குநிலை பெரும்பாலும் கரும்பலகையில் ஒரு கட்டமாக வந்து நிற்கிறது. 'நான்' என்று கதை நடந்தால் தன்மை. 'அவன், அவள்' என்று நடந்தால் படர்க்கை. படர்க்கையிலும் எல்லார் மனத்துக்குள்ளும் புகுந்து வந்தால் எல்லாம் அறிந்த கதைசொல்லி. ஒருவர் மனத்தோடு நின்றுவிட்டால் எல்லைக்குட்பட்ட கதைசொல்லி. மாணவர் அப்படியே எழுதிக்கொள்கிறார். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. கதை பிடிபட்டதா என்பது வேறு கேள்வி.

இந்தக் கட்டத்தால் நன்மை இல்லாமல் இல்லை. எழுதியவரும் கதைசொல்லியும் ஒருவரல்லர் என்ற முதல் பாடத்தை எளிதாகக் கற்பிக்க இதைவிட்டால் வேறு வழி குறைவு. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் 'நான்' என்று பேசுகிறவர் ஓர் எழுத்தாளர். உடனே அது புதுமைப்பித்தனேதான் என்று மாணவர் முடிவுகட்டுவார். அந்த எழுத்தாளரும் ஒரு பாத்திரம்தான், அவர் கண்டதாகச் சொல்வதைத் தவிர நம்மிடம் வேறு சாட்சி இல்லை என்று புரியும்போதுதான் கதையின் திகில் வேலை செய்யத் தொடங்குகிறது.

ஆனால் கட்டம் அதற்கு மேல் நகர்வதில்லை. வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமர'மும் 'நான்' என்று சொல்லப்படும் கதைதான். 'காஞ்சனை'யோடு ஒரே கட்டத்தில் போய் விழும். அங்கே பேசுவதோ மரம். நகர முடியாத சாட்சி அது. கரையில் நடப்பது கண்ணில் படும். வீடுகளுக்குள் நடப்பது குளத்துக்கு வருகிறவர்களின் பேச்சு வழியாகத்தான் வந்து சேரும். ருக்மிணி என்ற பெண்ணின் மேல் உயிரையே வைத்திருந்தும் அவளுக்காக ஒரு கை நீட்ட அதனால் ஆகாது. அந்தக் கையாலாகாத அன்புதான் கதையின் துயரம். அதைத் 'தன்மை' என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்தால் மரம் போய்விடும், இலக்கணம் மட்டும் மிஞ்சும். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். தலைப்பில் மரம் இருக்கிறது. கதையைச் சொல்வது மரம் அல்ல.

யார் பேசுகிறார், யார் பார்க்கிறார் என்பவை இரண்டு தனிக் கேள்விகள் என்று பிரெஞ்சுத் திறனாய்வாளர் ழெரார் ழெனெத் 1972இல் பிரித்துக் காட்டினார். நம் வகுப்பறைக் கட்டம் முதல் கேள்வியோடு திருப்தி அடைந்துவிடுகிறது.

இரண்டாவது குறை, நோக்குநிலையை வெறும் உத்தியாக நடத்துவது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேச'த்தில், முன்பின் தெரியாத ஒருவனால் கெடுக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் கதை படர்க்கையில் வருகிறது. தாய் தலையில் நீர் ஊற்றி மகளைத் தூயவளாக்கி ஏற்கிறாள். பின்னர் எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அந்தப் பெண், கங்கா என்ற பெயரில், தானே 'நான்' என்று பேசுகிறாள். அவள் தாய்க்கு அந்த மனம் வாய்க்கவில்லை. படர்க்கையில் ஆறுதலோடு முடிந்தது, அனுபவித்தவளே வாய் திறந்தபோது ஆறாத வாழ்க்கையாக நீள்கிறது. கதையைச் சொல்லும் உரிமை கைமாறினால் நியாயமும் இடம் மாறும். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நடத்தும் ஒரு பாடவேளை பத்து வரையறைகளுக்குச் சமம்.

மூன்றாவது குறை தமிழுக்கே உரியது. நம் படர்க்கை ஒருபோதும் நடுநிலையானதல்ல. 'கந்தன் வந்தான், பண்ணையார் வந்தார்' என்று எழுதும்போதே கதைசொல்லி எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வினைமுற்றின் விகுதி சொல்லிவிடுகிறது. 'நாம்' என்றால் படிப்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. பிறமொழித் திறனாய்விலிருந்து எடுத்த கட்டத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

'இதே கதையை வேறொரு பாத்திரம் சொல்வதாக எழுதுக' என்ற பயிற்சி இக்குறைகளைப் பெரிதும் ஈடுசெய்யும். ஆனால் அதையும் பெயர்ச்சொல் மாற்றும் வேலையாக்கிவிடுகிறோம். 'அவள் அழுதாள்' என்பது 'நான் அழுதேன்' ஆனதும் விடைத்தாள் திருத்தப்பட்டுவிடுகிறது. புதிய கதைசொல்லிக்கு எது தெரியாது, எதை அவர் மறைப்பார், எதைச் சொல்ல வெட்கப்படுவார் என்று கேட்காத பயிற்சி வீண்.

இதற்கான கருவிகளைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், முன்னம் ஆகியவை இருக்கின்றன. யார் சொல்வது, யாரிடம், எங்கே, எப்போது, இப்பேச்சு இவர் வாயில் பொருந்துமா என்ற ஐந்து கேள்விகள் அவை. குறுந்தொகை வகுப்பில் தலைவி கூற்றா தோழி கூற்றா என்று துருவித் துருவிக் கேட்கும் அதே ஆசிரியர், அடுத்த மணியில் சிறுகதை எடுக்கும்போது அக்கேள்விகளை மறந்துவிடுகிறார். அகப்பாடலின் மரபு வேறு, நவீன புனைகதை வேறு என்பது உண்மைதான். கேள்விகள் இரண்டுக்கும் பொருந்துகின்றன.

கட்டத்தை அழித்துவிட வேண்டாம். முதல் நாள் பாடமாக அது இருக்கட்டும். இரண்டாம் நாள் முதல், ஒவ்வொரு கதைக்கும் மாணவர் எழுத வேண்டியது வேறொன்று: இதைச் சொல்கிறவருக்குத் தெரியாதது எது?