புகைப்படம் இல்லாத பிள்ளைப்பருவம்

ஒருவருடைய பிள்ளைப்பருவத்தையும் குணத்தையும் கவித்துவமாகச் சொல்லும் ஆவணப்படம் என்றால் உடனே சில படிமங்கள் வந்து நிற்கின்றன. பழைய வீடு, மாடிப்படி, மங்கிப்போன குடும்பப் புகைப்படம், கைப்பட எழுதிய கடிதம், பின்னால் ஒரு புல்லாங்குழல். இதைக் கவிதையின் இலக்கணம் என்கிறார்கள். நான் சொத்தின் இலக்கணம் என்கிறேன்.

தாகூர் நூற்றாண்டுக்காக 1961இல் சத்யஜித் ரே எடுத்த ‘ரவீந்திரநாத் தாகூர்’ நல்ல படம், மறுக்கவில்லை. 1941இன் இறுதி ஊர்வலத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. சிறுவயதுக் காட்சிகளில் ஒரு பையனை நடிக்க வைத்திருக்கிறார். ஜோராசங்கோ மாளிகை நிற்கிறது. படங்கள், ஓவியங்கள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் கைக்கெட்டுகின்றன. அரசின் திரைப்படப் பிரிவு பணம் போடுகிறது.

எங்கப்பாவுக்குச் சின்ன வயசுப் படம் ஒண்ணுகூடக் கிடையாது. பிறந்த தேதியே வாத்தியார் போட்டதுதான். பிறந்த குடிசை எந்த மழையில கரைஞ்சுதுன்னு கேட்டா, “எத்தனை மழைன்னு எண்றது?” என்று சிரிப்பார். இப்படிப்பட்டவரைப் படமெடுக்க வரும் நல்லெண்ணக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? சேரிப் பையன் ஒருவனைச் சட்டையில்லாமல் வரப்பில் ஓடவிட்டு, ஓட்டத்தை மெதுவாக்கி, சோக இசை சேர்க்கிறார்கள். அங்கே பிள்ளையும் இல்லை, அவன் குணமும் இல்லை. பார்க்கிறவனின் பரிதாபம் மட்டும் இருக்கிறது.

வேறு வழி உண்டா? உண்டு. பாபாசாகேப் அம்பேத்கரின் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ குறிப்புகளைப் படியுங்கள். 1901 வாக்கில், சதாராவிலிருந்து கோரேகானில் இருந்த அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். ஆங்கிலேய பாணியில் தைத்த சட்டை, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி. மசூர் ரயில் நிலையத்தில் மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவன் இரட்டைக் கூலிக்கு ஒத்துக்கொள்கிறான். ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான். கட்டுச்சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. பசியோடு படுக்கிறார்கள்.

இதில் அழுகை எங்கே? பட்டுக்கரையை எழுதுகிறார், கூலியை எழுதுகிறார், சோறு இருந்தும் ஏன் சாப்பிட முடியவில்லை என்று காரணத்தை எழுதுகிறார். கணக்குத் தப்பாமல் பார்க்கிற அந்தக் கண்தான் அம்பேத்கரின் குணம். இதைப் படமாக்குகிறவருக்கு அழுகிற குழந்தை நடிகன் தேவையில்லை. அந்த உடுப்பு, மாடு பூட்டிய வண்டி, அவிழ்த்த சோற்று மூட்டை, பக்கத்தில் காலியாக ஒரு சொம்பு, இவை போதும். இல்லாததைச் சரியாகக் காட்டுவதே இங்கே கவித்துவம்.

ஆனந்த் பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’ (2011) இன்னொரு பாதை. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் போலீஸ் சுட்டு 10 பேர் செத்தார்கள். சில நாளில் தலித் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கில் தொங்கினார். பட்வர்தன் தன் பழைய படத்துக்காக அவர் பாடியதைப் பதிவு செய்து வைத்திருந்தார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு 14 வருஷம் அலைந்து எடுத்த படம் இது. மாளிகை செய்யாத வேலையைக் குரல் செய்கிறது. ஆனால் அந்தக் குரல் பதிவானது தற்செயல். பதிவாகாமல் போன பாடகர்கள் எத்தனை பேர்?

அதனால் நம் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். கேமரா வாங்கும்வரை காத்திருக்காதீங்க. கையிலிருக்கிற போனில் உங்க அப்பத்தாவின் பேச்சைப் பதிவு பண்ணுங்க. “கஷ்டப்பட்டீங்களா?” என்று கேட்காதீங்க, அதுக்குப் பதில் எல்லார் வாயிலும் ஒண்ணுதான். என்ன கூலி, யார் வீட்டுத் தண்ணி, எந்த விளையாட்டுல நீ கெட்டிக்காரி, யாரை எதிர்த்துப் பேசினே என்று கேளுங்க. அவள் எந்தக் கேள்விக்குச் சிரிக்கிறாள், எதற்குப் பேச்சை மாற்றுகிறாள் என்று கவனியுங்க. படம் அங்கிருந்து தொடங்கட்டும்.