சுபிக்ஷா: கடன் வாங்கித் திறந்த கதவுகள்

2008 மார்ச்சில் சுபிக்ஷா நிறுவனத்தின் பத்து சதவீதப் பங்கை அசீம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் 230 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்த விலைப்படி சென்னையில் பிறந்த ஒரு மளிகைக் கடைச் சங்கிலியின் மொத்த மதிப்பு 2,300 கோடி. ஓராண்டு முடிவதற்குள் நாடெங்கும் அதன் ஷட்டர்கள் இறங்கிவிட்டன. ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை, கட்டட உரிமையாளர்களுக்கு வாடகை இல்லை. பாக்கி வராததால் காவல் நிறுவனங்கள் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள, சில ஊர்களில் கடைகள் சூறையாடப்பட்டன.

இந்த வீழ்ச்சிக்கு இரண்டு விளக்கங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அகலக்கால் வைத்தார்கள், விழுந்தார்கள் என்பது ஒன்று. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலாகி உலகெங்கும் பணம் வறண்டது, அதில் இவர்களும் சிக்கினார்கள் என்பது மற்றொன்று. முதலாவது அறிவுரை, இரண்டாவது சால்ஜாப்பு. இரண்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கலாம்.

சென்னை ஐஐடியிலும் அகமதாபாத் ஐஐஎம்மிலும் படித்த ஆர். சுப்பிரமணியன் 1997இல் திருவான்மியூரில் முதல் கடையைத் திறந்தார். ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது. பெரிய சாலையை விட்டு விலகிய, வாடகை குறைந்த சின்ன இடங்கள். பருப்பும் எண்ணெயும் சோப்பும் எம்ஆர்பியைவிடக் குறைவு. மருந்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி, மாதாமாதம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்குகிற குடும்பங்களைக் கட்டிப்போட்டது. கடை வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பது திட்டம்.

இந்த விலை எங்கிருந்து வந்தது? அண்ணாச்சி கடை இரண்டு பக்கமும் கடனில் ஓடுவது. விநியோகஸ்தரிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து, வாடிக்கையாளருக்கு மாதக் கணக்கு நோட்டில் எழுதிக் கொடுக்கும். சுபிக்ஷா இரண்டு பக்கமும் இதைத் திருப்பிப் போட்டது. விற்பது ரொக்கத்துக்கு; கொள்முதலுக்கும் உடனுக்குடன் பணம். உடனே பணம் கிடைப்பதால் சப்ளையர் கூடுதல் கழிவு தருவார், அந்தக் கழிவில் பெரும்பகுதி வாடிக்கையாளருக்குப் போகும். சரக்கு விரைவில் விற்றுத் தீர்ந்தால் அதே பணம் மாதத்தில் பல சுற்று வரும். நல்ல யோசனை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. சென்னையில் அது பல ஆண்டுகள் ஓடியும் காட்டியது. ஆனால் இதில் ஒரு நிபந்தனை புதைந்திருக்கிறது. இந்தக் கடையின் மலிவு விலை கையிலிருக்கும் ரொக்கத்திலிருந்து உண்டாவது. அந்த ரொக்கத்தை வேறு எதற்கு எடுத்தாலும் குறைவது மலிவுதான்.

2000களின் நடுப்பகுதிவரை சுமார் 150 கடைகள், ஏறக்குறைய எல்லாமே தமிழ்நாட்டில். 2006இல் வெளி மாநிலங்களுக்குப் புறப்பட்டார்கள். 2008 பிற்பாதியில் கடைகளின் எண்ணிக்கை 1,600ஐத் தாண்டியது. சராசரியாக நாளுக்கு ஒன்றுக்கும் மேல். ஒவ்வொரு புதுக் கடைக்கும் முன்பணம், அலமாரி, முதல் சரக்கு, ஆட்கள் வேண்டும். மருந்து விற்க உரிமமும் மருந்தாளுநரும் வேண்டும். கடை தன் செலவைத் தானே ஈட்டப் பல மாதங்கள் பிடிக்கும். சென்னையில் ஒரு கிடங்கைச் சுற்றி நெருக்கமாகக் கடைகள் இருந்ததால் வண்டிச் செலவு குறைவு, சப்ளையர்களும் பழகியவர்கள். தில்லியிலும் மும்பையிலும் கிடங்கு, சப்ளையர், நம்பிக்கை எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. சோப்பும் பற்பசையும் எங்கும் ஒன்று. அரிசியும் பருப்பும் எண்ணெயும் ஊருக்கு ஊர் வேறு. இது போதாதென்று இடையில் செல்போன் விற்பனையிலும் இறங்கினார்கள்.

விரிவாக்கத்துக்கு ஆதரவான வலுவான வாதத்தையும் கேட்க வேண்டும். 2006 இறுதியில் ரிலையன்ஸ் ஃப்ரெஷ் ஹைதராபாத்தில் தொடங்கியது. ஆதித்ய பிர்லா குழுமம் திரிநேத்ரா கடைச் சங்கிலியை வாங்கி ‘மோர்’ கடைகளுக்கு அடித்தளம் போட்டது. பெரிய கைகள் வரும்போது ஒரு மாநிலத்துக்குள் அடங்கியிருப்பவர் விழுங்கப்படுவார், ஆகவே இடத்தை முதலில் பிடி என்பது அந்த வாதம். அந்தக் காலத்தில் இதை நம்பாதவர்கள் குறைவு. சுப்பிரமணியன் மட்டும் தனியாகத் தடம் புரண்டார் என்று சொல்வது நியாயமில்லை.

ஆனாலும் எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. முந்திக்கொண்டவருக்கு வாடிக்கையாளர் கட்டுப்பட்டிருக்கும் தொழில்கள் உண்டு. மளிகை அப்படியல்ல. பக்கத்துத் தெருவில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைந்தால் பை அங்கே போகும். தள்ளுபடியைச் சொல்லியே ஆள் சேர்த்த கடைக்கு இது மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அதே காலத்தில் கடனில் வேகமாக வளர்ந்த விஷால் ரீடெய்லும் தடுமாறி 2011இல் கைமாறியது. கிஷோர் பியானி கடன் சுமையால் 2012இல் பேன்டலூன்ஸை பிர்லாவிடம் கொடுத்தார். பத்தாண்டுக்குப் பிறகு அவருடைய பிக் பஜார் கடைகள் ரிலையன்ஸ் வசம் போயின. முதலில் பிடித்த இடம் யாரையும் காப்பாற்றவில்லை.

இந்த இடத்தில் டிமார்ட்டைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. 2002இல் ராதாகிஷன் தமானி தொடங்கிய டிமார்ட் பெரும்பாலும் சொந்தக் கட்டடத்திலேயே கடை திறந்தது. ஒரு பகுதியை நிரப்பிய பிறகே அடுத்ததற்கு நகர்ந்தது. 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தபோதும் அதனிடம் இருந்தவை சுமார் 130 கடைகள்தான். சப்ளையருக்கு விரைவில் பணம் கொடுத்துக் கழிவு பெறுவதும், அதை விலையில் குறைப்பதும் அங்கேயும் உண்டு. அடிப்படை யோசனை ஏறத்தாழ ஒன்று, முடிவு நேர் எதிர். ஒப்பீடு கவர்ச்சியானது, ஆனால் முழு நியாயமானதல்ல. தமானி பங்குச் சந்தையில் ஏற்கனவே பெரும்பொருள் சேர்த்தவர், காத்திருப்பதற்கான வசதி அவரிடம் இருந்தது. சுப்பிரமணியன் பிறர் பணத்தில் வளர வேண்டியவர். ஆகவே அவர் ஏன் பொறுமையாக இல்லை என்று கேட்பதைவிட, எந்த வகைப் பணத்தில் அவசரப்பட்டார் என்று கேட்பது பொருத்தம்.

அப்படிக் கேட்டால் அந்த 230 கோடிக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. பிரேம்ஜியின் நிறுவனம் வாங்கியது முந்தைய முதலீட்டாளரான ஐசிஐசிஐ வென்ச்சர் கையில் இருந்த பழைய பங்கை. பணம் ஐசிஐசிஐ வென்ச்சருக்குப் போனது. சுபிக்ஷாவின் கல்லாவுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. நிறுவனத்துக்கு அதன் வரலாற்றிலேயே மிக உயர்ந்த விலை கிடைத்த நேரம் அது. அதே விலையில் ஏறத்தாழ பத்து சதவீதம் புதுப் பங்கு வெளியிட்டிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டாத 230 கோடி உள்ளே வந்திருக்கும், நிறுவனரின் பங்கும் கொஞ்சம்தான் கரைந்திருக்கும். அதற்குப் பதிலாக, பிறகு பங்குச் சந்தையில் பட்டியலிட்டுக்கொள்ளலாம் என்று பங்கு முதலைத் தள்ளிப்போட்டார்கள், கடை திறப்பதைத் தள்ளிப்போடவில்லை. இடைவெளியை வங்கிக் கடன் நிரப்பியது. அது 700 கோடியைத் தாண்டிப் போனது.

செப்டம்பரில் சந்தை விழுந்ததும் பங்கு வழி அடைபட்டது, வங்கிகளும் கையை மூடின. இங்கேதான் அந்தப் புதைந்த நிபந்தனை வேலை செய்தது. சாதாரண மளிகைக் கடைக்குப் பண நெருக்கடி வந்தால் லாபம் குறையும். சப்ளையரிடம் தவணை கேட்டுச் சமாளிக்கலாம். இங்கே உடனடிப் பணம் நின்றதும் கழிவு நின்றது, அடுத்துச் சரக்கே நின்றது. அலமாரி காலியானதும் வாடிக்கையாளர் போனார். கடனைக் கட்ட வேண்டிய அன்றாட வசூல் அவரோடு போயிற்று. வாடகையும் சம்பளமும் வட்டியும் மட்டும் 1,600 கடைகளுக்கும் குறையாமல் ஏறிக்கொண்டிருந்தன.

உலக நெருக்கடி இதன் நாளைக் குறித்தது என்பேன். காரணம் என்று ஒப்ப மாட்டேன். வேகம்கூடத் தனித்த குற்றவாளி அல்ல. போதுமான பங்கு முதலோடு இதே வேகத்தில் போயிருந்தால் நானூறு, ஐந்நூறு கடைகளை மூடி, அடிபட்டு, மிச்சத்தோடு பிழைத்திருக்கலாம். ரிலையன்ஸும் பிர்லாவும் நட்டத்தில் ஓடிய கடைகளை மூடித்தான் நிலைத்தார்கள். திரும்பப் பெற முடியாத செலவைத் திருப்பிக் கேட்கப்படும் பணத்தில் செய்தது, அதுவும் ரொக்கமே விலையாக இருக்கும் ஒரு தொழிலில் செய்தது: சுபிக்ஷாவை வீழ்த்திய முடிவு இதுதான் என்பது என் தீர்ப்பு.

சுப்பிரமணியனுக்கு 2023இல், அவருடைய விஸ்வப்ரியா நிதி நிறுவனத்தின் வைப்பு நிதி வழக்கில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. அதைக் காட்டி, ஆரம்பத்திலிருந்தே எல்லாம் மோசடி என்று முடித்துவிடுபவர்கள் உண்டு. அது நீதிமன்றம் தனியாக எடைபோட்ட விஷயம். ஒரு நேர்மையான மனிதர் இதே கணக்கைப் போட்டு இதே கடனை வாங்கியிருந்தாலும் அந்த ஷட்டர்கள் இறங்கியிருக்கும். வங்கிகளின் பங்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாதாமாதம் கடைக் கணக்கு கூடுவதைப் பார்த்துக் கடன் கொடுத்த அதிகாரிகள், புதுக் கடை எத்தனை மாதத்தில் தன் வாடகையை ஈட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்கியிருந்தாலே, பாதியில் நிறுத்தியிருப்பார்கள்.